நிலத்தைத் தொடாத பீடம்

எங்கள் மாநிலத்துக் கட்டட விதிகளில் “பறக்கும் கட்டுமானங்கள்” என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓரிடத்தில் பூட்டி, கழற்றி, இன்னோரிடத்தில் திரும்பப் பூட்டக்கூடிய கூடாரம், மேடை, ராட்டினம் போன்றவற்றுக்கு ஜெர்மன்காரர் வைத்த பெயர் அது. அவ்வளவு வறண்ட புத்தகத்துக்குள் இப்படியொரு அழகான சொல் எப்படி நுழைந்தது என்று தெரியவில்லை. அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: ஐந்து மீட்டர் உயரத்துக்கு மேற்படாத, பொதுமக்கள் ஏறுவதற்கென்று அமைக்கப்படாத பறக்கும் கட்டுமானத்துக்கு அனுமதி தேவையில்லை. எனக்கு இது மனப்பாடம். ஜெர்மனியில் ரூர் பகுதியிலுள்ள எங்கள் நகரத்தின் கட்டட அனுமதி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான்.

அந்த விதி புத்தகத்தில் இருந்தும் எங்களுக்கு இல்லாமல் போனது, இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வசந்த காலத்தில், என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளியிருந்த செங்கல் தேவாலயத்தின் முற்றத்தில்.

அந்தத் தேவாலயத்தை நான்கு கூட்டத்தார் பகிர்ந்துகொண்டோம். ஊர்க்கார ஜெர்மானியர், போலந்துக்காரர், தமிழர், ஸ்பானிய மொழி பேசுவோர். கடைசியாகச் சொன்ன கூட்டத்தில் ஒரு காலத்தில் சுரங்க வேலைக்கு வந்த ஸ்பெயின்காரக் கிழவர்கள் சிலரும், பின்னால் பெரு, பொலிவியா, மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். வருடாவருடம் நற்கருணைப் பவனிக்குத் தேவாலயத்தைச் சுற்றி நான்கு தற்காலிகப் பீடங்கள் வைப்போம், கூட்டத்துக்கு ஒன்று. குருவானவர் நற்கருணை அப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவார், ஒவ்வொரு பீடத்திலும் நின்று ஆசீர்வாதம் கொடுப்பார்.

அந்த வருடப் பவனிதான் கடைசி. சனம் குறைந்துவிட்டது, கூரை ஒழுகுகிறது என்று தேவாலயத்தை விற்க முடிவெடுத்திருந்தார்கள். வாங்கியவர் உள்ளே மூன்று தட்டில் குடியிருப்பு வீடுகள் கட்டப்போகிறார். ஓகஸ்டில் பூட்டு.

ஸ்பானிய மொழிக்காரரின் பீடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பொலிவியாவிலிருந்து வந்த ஒரு பெண். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. தமிழர் எல்லோரும் அவரைப் பொலிவியா அக்கா என்றுதான் சொல்வோம், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். அவருடைய பீடம் எப்போதும் ஒரே மாதிரி: ஒரு மேசை, வெள்ளைத் துணி, இரண்டு பூச்சாடி. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் கூட்டிக்கொண்டிருந்த என் மனைவியிடம் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய ஊரான பொட்டோசியில் உள்ள ஒரு பழைய கோயிலின் வாசல்.

நான் ஓய்வு பெற்ற கையோடு மனைவியுடன் ஸ்பெயினுக்குப் போய், பரோக் காலத்து அலங்காரத் தேவாலயங்களைக் கழுத்து நோகும் வரை பார்த்தவன். தொலேதோப் பேராலயத்தில் பீடத்துக்குப் பின்னால் வெளிச்சம் விழவேண்டும் என்பதற்காக மேல்கூரை வளைவிலேயே ஓட்டை போட்டிருக்கிறார்கள். எல்லோரும் அண்ணாந்து வியந்தார்கள். நான், இதற்கு எந்த அலுவலகம் அனுமதி கொடுத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஆனால் பொலிவியா அக்காவின் படத்திலிருந்த வாசல் ஸ்பெயினில் கண்டவற்றின் நகல் இல்லை. முறுக்கிய தூண்கள் அதேதான். தூணில் சுற்றிய கொடியும் அதேதான். ஆனால் மேலே சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும், அவற்றுக்கு நடுவே சின்னக் கித்தார் வாசிக்கும் கடற்கன்னிகளும்! ஸ்பெயின்காரக் குருமார் கேட்டது தங்கள் ஊர் மாதிரி ஒரு கோயில். உளி பிடித்த மலைநாட்டு மக்கள், கேட்டதையும் கொடுத்து, தங்களுக்குப் பிடித்ததையும் அதில் ஏற்றிவிட்டார்கள்.

“கடைசி வருடம். மேசையும் துணியும் வேண்டாம். இந்த வாசலை ஒரேயொரு முறை இங்கே நிறுத்தி, அதற்கு முன்னால் முழங்காலில் நிற்கவேண்டும்.” அவர் கேட்டது அவ்வளவுதான்.

என் மனைவிக்கு உடனே ஒருவர் ஞாபகம் வந்தார். பகலில் பொதிகள் ஏற்றும் கிடங்கில் வேலை, சனி ஞாயிறில் தமிழ்க் கலியாணங்களுக்கு மணவறை கட்டுவது. ரெஜிபோமில், அதுதான் தொலைக்காட்சிப் பெட்டியோடு வருகிற வெள்ளைப் பஞ்சுப் பலகையில், சூடான கம்பியால் தூண், மயில், அன்னம் எல்லாம் வெட்டுவார். கெல்சென்கிர்ச்சனில் அவர் கட்டிய மணவறையில் உட்காராத மாப்பிள்ளைகள் குறைவு. கிறிஸ்தவரல்ல, சைவக்காரர். படத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, இதென்ன கல்லில செய்த மணவறை!” என்றார். அன்றைக்கே சம்மதம்.

அவருக்கு நேர்த்தூண்தான் பழக்கம், முறுக்குத் தூண் வெட்டியதில்லை. கார்ப்பெட் சுற்றி வருகிற மட்டைக் குழாயில் உடுப்புக் காயப்போடும் கயிற்றைச் சுற்றி, அந்தக் கோட்டில் முறுக்கைப் பிடித்தார். தங்க ஸ்பிரேயை நேரே அடித்தால் ரெஜிபோமைத் தின்றுவிடும் என்று முதலில் தண்ணீர்ப் பெயின்ற் இரண்டு தரம் பூசினார். கடற்கன்னிக்குத்தான் அச்சு இல்லை. கையிலிருந்த சரஸ்வதியின் மாதிரியை வைத்து வெட்டியதில், கடற்கன்னி கித்தாரை வீணை மாதிரி மடியில் கிடத்திக்கொண்டு இருந்தாள். நான் முகம் சுளித்தேன். பொலிவியா அக்கா பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவருடைய ஊர் கடலே இல்லாத மலை உச்சியாம். அங்கே செதுக்கியவர்கள் கடலைக் கண்ணால் கண்டிருப்பார்களோ தெரியாதாம். “அவர்களும் இப்படித்தான் செய்திருப்பார்கள்” என்றார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் உதவி செய்யத் தொடங்கினேன்.

எங்கள் நகரத்துத் தமிழர் ஒருவருக்கும் என் உதவி இல்லாமல் ஒரு கடிதம் திறபடாது. பென்சனா, வீட்டு வாடகையா, பிள்ளையின் குடியுரிமையா, கோப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுச் சமையலறைக்கு, அந்தக் குசினி மேசைக்கு வருவார்கள். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. ஆகவே, விதிப்படி அனுமதி தேவையில்லை என்பதை அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கி வைப்போம் என்றேன்.

மணவறைக்காரருக்கு விளங்கவில்லை. “அண்ணை, உது கலியாணவீட்டுச் சாமான்தானே. காலமை வைக்கிறம், பின்னேரம் எடுக்கிறம். உதுக்கு ஆரிட்டக் கேக்கிறது?”

“தம்பி, இது ஜெர்மனி. எழுத்தில இல்லாட்டி ஒண்டும் இல்லை.”

“தேவையில்லை எண்டு உங்களுக்கே தெரியுமெண்டால் பிறகேன் கேக்கிறியள்?”

“தேவையில்லை எண்டதையும் அவை சொல்லவேணும்.”

அவர் கம்பியைச் சூடாக்கப் போய்விட்டார். நான் மார்ச் நான்காம் திகதி, அளவுகளோடும் வரைபடத்தோடும், உயரம் நான்கு மீட்டர் பத்து சென்ரிமீட்டர் என்று அடிக்கோடிட்டு, என் பழைய அலுவலகத்துக்கே கடிதம் அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் கோப்பு எண் வந்தது. எனக்குச் சந்தோஷம்! கோப்பு எண் என்றால் பிள்ளைக்குப் பெயர் வைத்த மாதிரி. பிறகு, நெருப்புப் பிடிக்குமா என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். ரெஜிபோம் விற்றவரிடம் வாங்கி அனுப்பினேன். பிறகு, காற்றுக்குச் சாயாது என்பதற்குக் கணக்கு. கலியாண மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் பிடித்து ஆட்டியும் சாயாத தூண்களுக்கு, நான் மூன்று நாள் இருந்து கணக்குப் போட்டேன். அதையும் அனுப்பினேன்.

ஏப்ரல் கடைசியில் வந்ததுதான் என் இரத்தத்தைக் கொதிக்க வைத்தது. தேவாலயம் பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமாம். ஆகவே புராதனக் கட்டடப் பிரிவின் கருத்து தேவையாம். அந்தக் கருத்தும் வந்தது: உத்தேசிக்கப்பட்ட அலங்காரம் செங்கல் முகப்பின் அமைதியான தோற்றத்துக்கு அந்நியமானது, மேலும் ஆராயவேண்டும்.

அந்நியமானது! ஒரு காலைப்பொழுது மட்டும் முற்றத்தில் நிற்கப்போகிற ரெஜிபோம் பலகை அந்நியம். அதே தேவாலயத்தின் உள்ளே பீடம் இருந்த இடத்தில் குளியலறையும், பாடற்குழு நின்ற இடத்தில் படுக்கையறையும் கட்டுவது அந்நியமில்லை. அந்தத் திட்டத்துக்கு அதே அலுவலகக் கட்டடத்தின் அதே மாடியில் ஏற்கெனவே தலையாட்டிவிட்டார்கள். அந்த மாடியில் எந்தக் கதவில் எந்தப் பெயர்ப்பலகை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கதவுக்கும் தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லோரும் இன்னொரு கதவைக் காட்டினார்கள்.

மூன்று மாதமாகியும் ஒரு அலுவலகம் முடிவு சொல்லாவிட்டால் நீதிமன்றம் போகலாம் என்று சட்டம் இருக்கிறது. நாட்காட்டியைப் பார்த்தேன். நற்கருணைத் திருநாள் அந்த வருடம் மே முப்பதில் வந்தது. மூன்று மாதம் முடிய ஐந்து நாள் மிச்சம்.

திருநாளுக்கு முதல்நாள் புதன்கிழமை மத்தியானம், மணவறைக்காரர் வான் வண்டியில் எல்லாவற்றையும் கொண்டுவந்து முற்றத்துப் புல்லில் பிளாஸ்டிக் விரித்து இறக்கிவிட்டார். தங்க நிறத்தில் தூண்களும் சூரியனும் சந்திரனும் மல்லாந்து கிடந்தன. அலுமினியக் குழாய்களைப் பூட்டத் தொடங்கும்போது நகரசபை வாகனம் வந்து நின்றது. இறங்கியவர் என் பழைய சகா. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்குப் பக்கத்து மேசை. வேலை பழக்கியதே நான்தான்.

கை குலுக்கினார். மனைவியின் சுகம் கேட்டார். பிறகு, கோப்பு முடிவாகும் வரை இதை நிமிர்த்தி நிறுத்தக்கூடாது என்றார்.

விதியைச் சொன்னேன். தனக்கும் தெரியும் என்றார். அப்படியானால் வாயால் போட்ட உத்தரவை எழுத்தில் உறுதிப்படுத்தித் தாருங்கள், கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறது என்றேன். அதுவும் தெரியும், தபாலில் வரும் என்றார். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. நாளைக்கு இந்த மாநிலம் முழுக்க விடுமுறை, தபால் யாருக்கு வரும், இந்தப் பவனி இனி எப்போது வரும் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

“கோப்பு திறந்திருக்கும்போது ஒரு செங்கல்லும் அசையக்கூடாது. இதை எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தான்” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நான் இந்தத் தெருப் பக்கமே வந்திருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஐஸ்கிறீம் கடை வைத்திருந்த ஓர் இத்தாலியரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கடை வாசலில் நிழலுக்கு ஒரு பந்தல் வைக்கலாமா என்று தானாகவே வந்து என்னிடம் கேட்டவர். கோப்பு திறந்தேன். அவரிடமும் இதே வசனத்தை இதே மரியாதையோடு சொன்னேன். கோடை முடிந்தபிறகு அனுமதி கொடுத்தேன். அதுவரை அந்த மனிதரை நினைத்ததேயில்லை.

மூன்று மணிக்குப் பொலிவியா அக்கா வேலை உடுப்போடு நேரே முற்றத்துக்கு வந்தார். புல்லில் கிடந்த கடற்கன்னியின் தலையைத் தடவிவிட்டு, எத்தனை மணிக்கு நிறுத்தப்போகிறோம் என்று கேட்டார். நிறுத்தக்கூடாதாம் என்று சொன்னேன். அவர் அழவில்லை.

“அவர்களிடம் யார் கேட்டது?”

“நான்தான்.”

“ஏன்?”

இருபத்தாறு வருடம் நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி அது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவர் மேசைத் துணியை அயர்ன் பண்ணவேண்டும் என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பினார்.

மணவறைக்காரர் குழாய்களைக் கழற்றத் தொடங்கினார். அந்த நேரம் தேநீர் கொண்டுவந்த என் மனைவி, கிண்ணத்தை நீட்டாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, மாதாவை வைச்சுத் தோளில தூக்கிக்கொண்டு சுத்துற கூடு இருக்கெல்லே, அதுக்கு எப்பவாவது அனுமதி கேட்டு அன்ட்ராக் எழுதிப் போட்டனீங்களே?”

“இல்லை.”

“ஏன் போடேல்லை?”

“அது கட்டுமானமில்லையப்பா. நிலத்தில நிக்கிறதைத்தான் கட்டுமானம் எண்டுறது. கூடு ஆக்கள் தூக்கிறது.”

“அப்ப இதையும் ஆக்கள் தூக்கட்டுமன்.”

மணவறைக்காரர் குழாய் கழற்றும் ஸ்பானரைக் கீழே வைத்தார். “அக்கா, இவ்வளவு நாளும் நாங்கள் பிழையான ஆளிட்டயெல்லோ போய்க் கேட்டிருக்கிறம்!”

விதிப் புத்தகத்தின் முதற்பக்கத்திலேயே வரைவிலக்கணம் இருக்கிறது: நிலத்தோடு தொடர்புடையதே கட்டுமானம். நான் அந்த வரியை ஆயிரம் தரம் வாசித்தவன்.

வியாழக்கிழமை காலை, தூண்களுக்கும் வளைவுக்கும் பின்னால் குழாய்களைக் குறுக்கே கட்டி, பிடிப்பதற்குக் கைப்பிடிகள் வைத்தோம். பதினெட்டுப் பேர் பிடித்தால்தான் முழு வாசலும் நேராக எழும்பும். தமிழர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எண்பது வயது ஸ்பெயின்காரர் ஒருவர் கோட்டைக் கழற்றினார். போலந்துக்காரர் தங்கள் கொடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பதினேழு.

நான் அவர்களில் இல்லை. அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் பேசுவதற்காக, கையில் கோப்பும் அளவு நாடாவுமாக முன்னால் நின்றேன். தூண் நிலத்தில் முட்டாமல் ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. எனக்குத் தோள் சுகமில்லை என்பது உண்மை. ஆனால் அன்றைக்கு அது காரணமில்லை.

குருவானவர் மூலையில் திரும்புவது தெரிந்தது. பொலிவியா அக்கா வந்து இடது தூணுக்குப் பின்னால் புகுந்து, காலியாயிருந்த கைப்பிடியைப் பிடித்தார்.

“ஓ… ஹோ… தூக்குங்கோ!” என்றார் மணவறைக்காரர். வாசல் எழுந்தது.

நான் ஸ்பெயினில் கண்ட எதையும் அதனோடு ஒப்பிடமாட்டேன். சிவப்புச் செங்கல் சுவருக்கு முன்னால் முறுக்குத் தூண்கள் இரண்டும் மூச்சு விடுவதுபோல மெல்ல அசைந்தன. சூரியன் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கடற்கன்னி ஒருத்தியின் வீணை நுனி உடைந்து வெள்ளை தெரிந்தது. கீழே ஒரு சாண் இடைவெளியில் சப்பாத்துகளும் செருப்புகளும் வெறுங்கால்களும் வரிசையாகத் தெரிந்தன. குருவானவர் செபத்தில் ஒரு வரியைக்கூடக் குறைக்கவில்லை. ஜெர்மனில் வாசித்து, ஸ்பானிய மொழியிலும் வாசித்தார். பதினொரு நிமிடம். பின்னாலிருந்து யாரோ தமிழில், “ஐயோ ஃபாதர், கெதியா ஆமென் சொல்லுங்கோவன்” என்று முனகியது முன்வரிசைக்குக் கேட்டது. வாசலுக்கு முன்னால் வந்த சனமெல்லாம் முழங்காலில் நின்றார்கள்.

முழங்காலில் நிற்கவேண்டும் என்று கேட்டவர் அவர்களில் இல்லை. அவர் தூணுக்குப் பின்னால், முகத்துக்கு முன் பெயின்ற் பூசாத வெள்ளைப் பலகையும் அலுமினியக் குழாயுமாக நின்றார். கால்களைப் பார்த்து அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, முதியோர் இல்லத்து வெள்ளைச் சப்பாத்து. கோப்பை வீசிவிட்டு ஓடிப்போய் அந்தக் கைப்பிடியை வாங்கியிருக்கலாம். பத்து அடி தூரம். செபத்தின் நடுவில் கை மாற்றினால் தூண் சாயும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

இறக்கிய பிறகு அவர் கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். அதற்குள் வாசலைத் துண்டுதுண்டாகக் கழற்றிவிட்டார்கள். கைப்பேசியில் எடுத்த படங்களை எல்லோரும் நீட்டினார்கள். பார்த்துவிட்டு, “படம் என்னிடம் முதலே இருந்ததே” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, முழுவதையும் நேரே நின்று பார்த்தவர் நீங்கள்தான், எப்படி இருந்தது என்று கேட்டார். கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஊர்ப்பட்ட பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். அழகாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

ஓகஸ்டில் தேவாலயத்தைப் பூட்டினார்கள். ஒக்டோபரில் சாரம் கட்டி, நிறக் கண்ணாடி யன்னல்களைக் கழற்றினார்கள். அதற்கான அனுமதி அட்டை, விதிப்படி, தெருவிலிருந்து பார்க்கக்கூடியதாக வேலியில் தொங்கியது.

அலுவலகத்தின் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் தேவையில்லை. ஆனால் இப்போது யாராவது கோப்போடு என் குசினி மேசைக்கு வந்தால், முதலில் கேட்பது வேறு: இதை உங்களிடம் யாராவது கேட்டார்களா? இல்லையென்றால் தேநீரைக் குடித்துவிட்டுப் போகச் சொல்கிறேன். போகிறவர்களின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வெள்ளைச் சப்பாத்துதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அலுவலகத்திலிருந்து அந்த வருடமே எனக்கும் பதில் வந்தது. மூன்று வரி. குறிப்பிட்ட அமைப்பு ஐந்து மீட்டருக்கு மேற்படாததாலும் அதில் ஆட்கள் ஏறாததாலும் அனுமதி எதுவும் தேவையில்லை, வணக்கம். பழைய பழக்கத்தில், உறையின் மூலையில் அது கைக்கு வந்த நாளைப் பென்சிலால் குறித்து வைத்தேன்: நவம்பர் 19.